அமுக்கிப் பார்த்த கைகள்

வால்டர் நல்லவன்தான். ஆனால் அவனோடு பதினோரு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். என் பொறுமைக்கு யாராவது பதக்கம் குத்தியிருக்க வேண்டும்.

எங்கள் அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம். அறுத்தெடுத்த கட்டிகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவது வால்டர். அதன்மேல் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவது அக்பர் பாஷாவாகிய நான். வால்டர் சீவினோமா, போனோமா என்று இருக்கமாட்டான். எங்கள் அறை டாக்டர் பார்த்து முடித்ததையெல்லாம் மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாஷா, வந்து பாரேன்" என்று என் சாப்பாட்டு நேரத்தைத் தின்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் அப்படி ஒரு நாள் காட்டியது, மார்பில் புற்று வந்து இறந்த ஒருத்தியின் நுரையீரல். மெல்லிய ரத்தக் குழாய்க்குள் ஒரு துளி உறைந்த ரத்தம். அதன் நடுவே நாலைந்து புற்றணுக்கள்.

"மாருலேர்ந்து ரத்தத்துல எறங்கி வந்துக்கீதுங்க. தனியா வர்றது முக்காவாசி செத்துடுமாம், டாக்டர் சொன்னாரு. ஓட்டத்துல அடிபட்டு, சந்துல மாட்டிக்கினு காலி. இதுங்க கும்பலா வந்துதுங்க. மேல ரத்தம் உறைஞ்சு மூடிக்கீது பாரு. அந்த மறைவுலயே குழா சுவத்தப் புடிச்சிக்கினு பொழச்சிக்குதுங்க."

காயத்தை மூட ரத்தம் உறையும் என்று எனக்கும் தெரியும். கொல்ல வந்தவனுக்கும் அதே போர்வையைப் போர்த்திவிடும் என்றால், இந்த உடம்பை என்ன சொல்லித் திட்டுவது? டாக்டர் இன்னொன்றும் சொன்னாராம். கட்டியை அமுக்கினால், தேய்த்தால், அணுக்கள் கொத்தாக ரத்தத்தில் இறங்கும். எலிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்களாம்.

மூன்றே மாதத்தில் அவன் அக்கா மர்சலினுக்கு மார்பில் கட்டி. சாந்தோமில் பள்ளி ஆசிரியை. தாய் போனபின் வால்டரை வளர்த்து ஆளாக்கியவர், அதிலேயே கல்யாண வயதைக் கடந்தவர். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சேதி பரவியது. அவ்வளவுதான்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது. தொட்டுப் பார்க்காமல் திரும்பவும் கூடாது. அன்று மதியமே அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள் பன்னும் சாத்துக்குடியுமாக வந்து, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆளுக்கொரு தரம் கட்டியை அமுக்கி அபிப்பிராயம் சொன்னார்கள். வெளியே உட்கார்ந்திருந்த வால்டருக்கும் எனக்கும் எல்லாம் கேட்டது.

"இன்னாடி இது, கல்லாட்டம் கீது!"

"தள்ளு, நான் பாக்கறேன். நோவுதா மர்சலின்? நோவலைன்னா வாயுக் கட்டிதான். வெளக்கெண்ண போட்டு அழுத்தித் தேச்சா கரைஞ்சிடும்."

வால்டர் கதவை இடித்தான். "அமுக்காதீங்க அத்தே! ரத்தத்துல எறங்கிடும்!"

"பொம்பளைங்க சமாச்சாரத்துல உனுக்கு இன்னாடா பேச்சு?" என்றது அவன் அத்தை லூயிசாவின் குரல்.

பகலில் அக்கா பள்ளிக்கூடத்தில். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வால்டர் ஓடிவந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பன்னை வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினான். பங்கில் பாதிப் பேர் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கே எரிச்சல். "வூட்டுக்கு வந்தவங்கள வெரட்டுறியே, உன்ன நான் இப்படியா வளத்தேன்?" என்றார். அவன் அசையவில்லை. அதன்பின் ஆபரேஷன் நாள் நெருங்கும்வரை ஒரு கை அந்தக் கட்டியில் படவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலேயே அக்காவைச் சேர்த்தோம். அறுவை டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம்.

"ஒவ்வொருவராக வாருங்கள். நன்றாக அழுத்திப் பார்க்கவேண்டும். அசைகிறதா, ஒட்டியிருக்கிறதா என்று சொல்லவேண்டும்."

ஒருவன் உள்ளே போய் வந்தான். அடுத்தவன் போனான். வரிசையில் பதினாலு பேர். எனக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் உட்கார்ந்து ஊரையே விரட்டியவன், இங்கே கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறான்!

ஐந்தாவது மாணவன் உள்ளே போனபோது திரைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, அமுக்க வேணாம்னு நீ சொல்லுவியே. சொல்லேன்டா."

அவன் வாய் திறக்கவில்லை. பதினாலு பேரும் பார்த்து முடித்தார்கள்.

கட்டியை நன்றாகவே எடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் இருமல் வந்தது, நுரையீரலில் புற்று என்றார்கள், அந்தப் பனிக்காலத்திலேயே அக்கா போய்விட்டார். யார் கை பட்டும் இறங்கியிருக்காது, கட்டி கண்ணுக்குத் தெரியுமுன்னே இறங்கியிருக்கலாம் என்று எங்கள் டாக்டர் வால்டரை உட்காரவைத்துச் சொன்னார். அவன் காதில் ஏறவில்லை. "அஞ்சாவது ஆளுகிட்டயாவது சொல்லிருக்கலாம் பாஷா" என்பான், வாரத்துக்கு நாலு தரம். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லாத கோழையே என்று அவனைத் திட்ட எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன். திட்டியதில்லை. அந்தத் திரைக்கு வெளியே நானும்தான் நின்றிருந்தேன், எனக்கும் வாய் இருந்தது.