ஒரு சர்க்கரை வித்தியாசம்

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது. நாலு வருடம் டயாலிசிஸ் செய்தார். பிறகு என்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னேன். அவர் ஓ வகை இரத்தம், நான் ஏ வகை.

முன்பெல்லாம் இது முடியாது, இப்போது வழி உண்டு என்றார் கோலாலம்பூரில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா. என் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களில் சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றனவாம். அந்தச் சங்கிலியின் நுனியில் என் கணவருக்கு இல்லாத ஒரு சர்க்கரை எனக்கு உண்டு. அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் அவர் இரத்தத்தில் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அதே நுனியைச் செயற்கையாகச் செய்து ஒரு குழாய்க்குள் ஒட்டிவைத்திருக்கிறார்கள். இரத்தத்தின் தெளிநீரை அதன் வழியாக விட்டால் எதிர்ப்பொருள் அங்கேயே சிக்கிவிடும்.

சர்க்கரையால் போனதைச் சர்க்கரையே காப்பாற்றுமா என்று இவர் கேட்டார். இது வேறு சர்க்கரை என்று சிரித்தார் டாக்டரம்மா.

நாலு முறை அந்தக் குழாய் வழியாக விட்டார்கள். எதிர்ப்பொருளின் அளவு நன்றாக இறங்கியதும் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து நாள் சிறுநீர் தாராளமாக வந்தது. ஆறாம் நாள் குறைந்தது, காய்ச்சலும் கண்டது. மறுபடி குழாய், மருந்து. பன்னிரண்டாம் நாள் சிறுநீரகத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். எனக்கே தையல் ஆறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

“குழாய்லயும் கிட்னியிலயும் நுனி ஒண்ணுதான், அக்கா. ஆனா கிட்னியில அதுக்குக் கீழ கோத்திருக்கிற விதம் வேற. சில எதிர்ப்பொருள் அதையும் சேர்த்துதான் அடையாளம் பார்க்கும். அதுங்க குழாய்ல ஒட்டாம தப்பிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியல.”

முன்கூட்டியே தெரிந்திருக்காதா என்று கேட்டேன். நாங்கள் செய்யும் சோதனை அதைப் பிரித்துக் காட்டாது என்றார், மேசையைப் பார்த்தபடி.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எடுத்ததை என்ன பண்ணாங்க?”

தெரியாது என்றேன். தெரியும். துண்டு போட்டு ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இப்போது மறுபடியும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். லோரிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வீட்டில் அரிசிப் பையைக்கூட இவர் என்னைத் தூக்கவிடுவதில்லை. போன வாரம் டயாலிசிஸில் பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக வந்தவர், “அக்காகிட்ட ஒரு கிட்னி கேட்டுப் பார்த்தீங்களா, அண்ணே?” என்றார். நான் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“அவளுக்கு இரத்தம் சேராதுலா,” என்று சொல்லிவிட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.