சயா வெளியே வந்த ஆட்டம்

யாங்கோனில் வாத்தியாரையும் டாக்டரையும் ‘சயா’ என்றே கூப்பிடுவோம். எங்கள் சயா எனக்கு இரண்டும். மருத்துவக் கல்லூரியில் எங்கள் கால்பந்து அணிக்கு அவர்தான் முதல் பயிற்சியாளர். அப்போது இளம் டாக்டர். அறுவைப் பயிற்சி கிடைத்ததும் மைதானத்தை விட்டார், திட்டுவதை மட்டும் விடவில்லை. இப்போது அவர் பெரிய சர்ஜன், நான் அவருக்கு உதவி சர்ஜன். திட்டு மட்டும் அதே திட்டு.

தின்கன்ஜூனில் நாங்கள் ஆடிய மைதானத்தில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் களைத்துவிட்டால், மாற்று ஆள் கோட்டருகே வந்து உள்ளங்கையை நீட்டி நிற்பான். களைத்தவன் வாதாடக் கூடாது. அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வர வேண்டும். உடை மாற்றவும் போகக் கூடாது. ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்னை எத்தனையோ முறை அப்படி வெளியே எடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

கொஞ்ச காலமாக அவர் கை நடுங்கியது. ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் ஷ்வேப்யிதா பகுதித் தையல் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இயந்திரத்தில் மாட்டி மணிக்கட்டில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது. சரியாகத் தைக்காவிட்டால் கையையே எடுக்க வேண்டிவரும். அந்தக் கையை நம்பித்தான் அவள் பிழைப்பு. சயா போட்ட முதல் தையல் பிடிக்கவில்லை. அடுத்ததும் நழுவியது.

அவர் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டினேன். கத்தரி கேட்கிறேன் என்று நினைத்து நர்ஸ் அதில் கத்தரியை வைத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நீட்டினேன்.

சயா அந்தக் கையையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன்.

“எத்தனை நாளா என் கையப் பாத்துக்கிட்டு இருக்கே?”

“கொஞ்ச நாளாவே, சயா.”

ஊசி பிடிக்கும் கருவியை என் கையில் வைத்து, அந்தக் கையில் லேசாகத் தட்டிவிட்டு விலகினார்.

தைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. வெளுத்துக் கிடந்த விரல்கள் மெல்லச் சிவந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சயா கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துத் திரும்பினேன். சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அப்படி அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுது, சயா.”

அதற்குப் பிறகுதான் எழுந்து உடை மாற்றப் போனார்.