உம்மா தானாக ஒத்துக்கொண்ட வேலை

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வைப் புகழ்ந்து, உம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்காக வந்திருக்கும் சொந்தங்களுக்கும் ஜமாஅத்தாருக்கும் மகளின் ஸலாம்.

உம்மா ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, பழவேற்காட்டுக்கு வாழ வந்தவர்கள். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது வாப்பா மவுத்தாகிவிட்டார்கள். அதன்பின் உம்மா இறால் உரிக்கப் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். ஐஸில் ஊறி வெடித்த விரல்களோடு வந்து மிளகாய் கரைப்பார்கள். எரிகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கோ மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. "ஒனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்டி" என்பார்கள்.

எங்கள் ஊரில் மவுத்தான பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திவந்த பெரியம்மா ஒருவர் படுக்கையில் விழுந்தபோது, இனி யார் செய்வீர்கள் என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். "நான் செய்றேன்" என்றார்கள் உம்மா. கூலி கிடையாது. கட்டாயமும் கிடையாது.

எனக்குத் தலைப்பிரசவம். விடிந்ததும் வலி எடுத்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்துவிட்டது. உம்மா ஒரு காலை உள்ளே வைத்த நேரம், பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தார். பக்கத்து ஊரில் ஒரு அம்மா மவுத்தாகிவிட்டார்களாம், குளிப்பாட்ட வரவேண்டுமாம். உம்மா என் கையைத் தன் தங்கையான என் சாச்சியின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

"இன்னாம்மா இது? வேற யாரையாச்சும் போகச் சொல்லுங்க!"

"யாரும் என்னைப் புடிச்சுத் தள்ளல. நானா வாய் தொறந்து ஒத்துக்கிட்டேன். அது அமானிதம்மா, நம்பி ஒப்படைச்ச பொறுப்பு. ஒனக்குச் சாச்சி இருக்கா. முடிச்சிட்டு ஓடியாந்துடறேன்."

"நான் மவுத்தானா, என்னைக் குளிப்பாட்டவாவது வருவீங்களா?"

கேட்டேன். பெற்றவளைப் பார்த்து, அந்த வாயால் கேட்டேன். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள்.

உம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது என் மகன் பிறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "ஒருத்தரைக் குளிப்பாட்ட இவ்ளோ நேரமா?" என்றேன். "ஆயிடுச்சும்மா" என்றார்கள். அவ்வளவுதான். அதன்பின் பெருநாளா, பேரனின் பிறந்தநாளா, எதுவானாலும் அதையே சொல்லிக் குத்துவேன். பதினோரு ஆண்டுகள் குத்தினேன். உம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகி, ஒரு மழைநாளில் விடியற்காலை பஜ்ரு தொழுகைக்குப் பின் உம்மாவின் உயிர் பிரிந்தது. நானும் சாச்சியும் குளிப்பாட்டத் தயாரானபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். "நானும் தண்ணி ஊத்துறேன்கா. என்னை உள்ள விடுங்க" என்று அழுதார். விட்டோம். அடக்கம் முடிந்தபின் அவரே சொன்னார்.

"ஒங்களுக்குப் புள்ள பொறந்த அன்னிக்கு ஒங்கம்மா குளிப்பாட்டுனது எங்கம்மாவைத்தான்கா. ரொம்ப நாளா படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண்ணு. கூட நின்ன ரெண்டு பேரு நாத்தம் தாங்காம வெளிய போயிட்டாங்க. ஒங்கம்மா ஒருத்தங்கதான் ஒவ்வொரு புண்ணா பஞ்சு வச்சுத் தொடச்சாங்க. 'மெதுவா ஊத்தும்மா, அம்மாவுக்கு நோவும்'னு என்கிட்ட சொன்னாங்க."

குளிப்பாட்டுபவர் கண்ணால் கண்டது வாசலைத் தாண்டக்கூடாது. அதுவும் அமானிதம். அந்தப் புண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே வாயடைத்துப் போயிருப்பேன். உம்மா சொல்லவில்லை, என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். யா அல்லாஹ், என்ன பாவி நான்!

உம்மாவைக் கடைசிவரை தாங்கிய சாச்சிக்கும், மழையில் கபுர்க்குழி வெட்டிய பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நனைந்தபடி வந்த அந்தச் சகோதரிக்கும் நன்றி. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, எங்கம்மா பேரு மட்டும் வாணாம்" என்றார்.

அந்தப் பெயரை எழுதவில்லை. உம்மாவின் மகள் ஒரு விஷயத்திலாவது வாயை மூடிக்கொண்டாள்.