பீளமேட்டுக்குப் போன அண்டா

‘இங்கே பேசியது வெளியே போகக்கூடாது’ என்று போன ஞாயிறு எங்கள் சபைக் கமிட்டியில் தீர்மானம் போட்டோம். ஆகவே இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன்.

குற்றவாளி, சாராள் அம்மாள். வயது ஐம்பது இருக்கும். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது சபை அவருக்குக் கொடுத்த வேலை. செய்த குற்றம் — கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டாவை, யாரையும் கேட்காமல், மாட்டு வண்டியில் ஏற்றிப் பீளமேட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே ஒரு மில்லில் கூலியைக் குறைத்தார்கள். தொழிலாளிகள் வேலைக்குப் போக மறுத்தார்கள். உடனே முதலாளிகள் மில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மூன்று வாரமாகத் தொழிலாளிகள் குடியிருக்கும் மில் லைன் வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அம்மாள் பக்கத்துத் தோட்டங்களில் சோளம் கேட்டு வாங்கி, கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் சபைத் தலைவர் அதே மில்லில் தலைமைக் குமாஸ்தா. நல்ல மனிதர்தான். ஆனால் மானேஜர் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்... மனிதர் ஆடிப்போய்விட்டார். அம்மாளைக் கமிட்டி முன்னால் நிறுத்தினார்.

“ஏனுங்கம்மா, சபைச் சாமானை ஸ்ட்ரைக் பண்றவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாமுங்களா?”

“பசிச்சவங்களுக்குக் குடுத்தனுங்க.”

“நம்ம சபை ஆளுகளுக்கு மட்டும் ஊத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. அங்க பாதிப்பேரு ஞானஸ்நானம் வாங்காதவங்க.”

“பசிக்கு ஆருங்க ஞானஸ்நானம் குடுத்தது?” என்றார் அம்மாள்.

யாரோ இருமினார்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான்தான்.

அண்டாவைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்றார் தலைவர்.

“அண்டாவை நாளைக்கே கொண்டாந்து வச்சுப்போடறனுங்க. மன்னிப்பு எதுக்குங்க? ஏசு சாமி அப்பம் குடுத்தப்போ ஊரு பேரு கேட்டுப்போட்டுங்களா குடுத்தாரு?”

கை தூக்கச் சொன்னார்கள். அம்மாளை வேலையிலிருந்து நீக்க ஏழு கை எழுந்தது. என் கை எழவில்லை. எதிர்த்துத் தூக்கச் சொன்னபோதும் எழவில்லை. இது எந்த வகை வீரம்? வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“அப்பறம் நீங்க என்னத்துக்குங்க அங்க போனீங்க?” என்றாள். அவ்வளவுதான். நான் அன்று சாப்பிடவில்லை.

சபை அண்டா திங்களன்றே திரும்பி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவை வண்டியில் ஏற்றி, இரண்டு பேருமாகப் பீளமேடு போனோம். வேலை போன சாராள் அம்மாள் கரண்டியும் கையுமாக நின்றார். அங்கே இன்னொரு தகராறு. தோட்டம் காடு உள்ள குடும்பத்திலிருந்து மில்லுக்கு வந்த ஒருவர், சேரியிலிருந்து வந்தவர்களோடு வரிசையில் உட்கார யோசித்தார்.

“எங்களுக்குத் தனியா ஒரு சட்டியில ஊத்தி வச்சுருங்கம்மா.”

“ஒரே அண்டாதானுங்க, ஒரே வரிசைதானுங்க. இஷ்டமிருந்தா ஒக்காருங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். ‘ஒரு ஆளைப் பட்டினி போட்டுவிட்டாரே’ என்று எனக்குச் சங்கடம். அம்மாளுக்கும்தான் — அந்த மனிதர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கூப்பிடவில்லை. மறுநாள் அந்த மனிதர் மனைவி, மக்களோடு வந்து, வரிசையில் உட்கார்ந்தார். அம்மாள் கஞ்சி ஊற்றினார்.

ஏழைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்குப் பயமே இல்லை. அவர்கள் பக்கத்தில் போய் நிற்கத்தான் கமிட்டியின் அனுமதி வேண்டியிருக்கிறது!

மில் கேட் இன்னும் திறக்கவில்லை. தலைவர் ஆளனுப்பினார்: பீளமேட்டுக்குப் போவதை நிறுத்தாவிட்டால் கமிட்டியில் எனக்கு இடமில்லையாம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதில் எழுதிய காரணம், ‘வேலை அதிகம்’ — பொய்யில்லை, நூறு பேருக்குக் கஞ்சி ஊற்றிப் பார்த்தால் தெரியும்.