பனியன் துணியில் கட்டிய இலை

வீரணனுக்கு மூக்கு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூக்கு என்னவோ முகத்தில் அதன் இடத்தில்தான் இருந்தது, சளி பிடித்தால் ஒழுகவும் செய்தது. வாசம்தான் செத்துப்போயிருந்தது. மீன் குழம்பும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டி சீனியம்மாளிடம்கூட.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்தது லிங்கசாமியின் சாயப்பட்டறையில், மருந்து கலக்கும் தொட்டியடியில். அங்கே கேன் கசிந்தாலும் தூளில் ஈரம் பட்டாலும் முதலில் சொல்வது மூக்குதான். போன வருஷம் கன்னையன் என்கிற ஆளுக்கு வாசம் தெரியவில்லை என்று மேனேஜருக்குத் தெரிந்ததும் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாசத்தைத் தின்றது எந்தத் தொட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவரும் கன்னையனோடு பஸ் ஏறியிருப்பார்.

வீரணன் பிறந்தது வேடசந்தூர்ப் பக்கம். பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் சுருட்டு சுற்றியவர். இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனியைப் பூட்டினார்கள். சீனியம்மாளையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்து, நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியேறினார். சீனியம்மாளும் அதே கம்பெனியில் இலைக்கு நரம்பு கிழித்தவள்தான். இங்கே வந்து செக்கிங் வேலையில் சேர்ந்து, பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

அவருடைய பழைய தொழில் முதலாளிக்குத் தெரிய வந்தது இரண்டாயிரத்து ஆறு ஆடி மாதம். சாயம் போட்ட சாம்பிள் துணியை ஆபீசுக்கு எடுத்துப் போனார். லிங்கசாமி மேஜையில் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. துணி வாங்க ஜெர்மனியிலிருந்து வரும் பையர் கொடுத்துவிட்டுப் போன சுருட்டு. லிங்கசாமி நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து, வெள்ளரிக்காயின் காம்பை நறுக்குவதுபோல அரை விரற்கடைக்கு வெட்டினார். மேல் இலை பிரிந்து மேஜையில் உதிர்ந்தது.

வீரணன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தொழில் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் மட்டும் வாய் நிற்காது.

"மொதலாளி, அம்புட்டுக் கீழ வெட்டக் கூடாதுங்க. நுனியில தொப்பி மாதிரி ஒரு துண்டு இலை ஒட்டியிருக்கும். அதுல ஒரு ஓரம் மட்டும் எடுக்கணும். தொப்பி முழுசாக் கழண்டா சட்டையும் அவுந்துரும்."

"அட, உனக்கெப்புடிப்பா தெரியும்?"

வீரணனே இன்னொன்றை எடுத்து வெட்டிக் கொடுத்தார். தீயில் முக்காமல், தீக்கு மேலே பிடித்து உருட்டி உருட்டிப் பற்றவைக்கச் சொன்னார். புகையை நெஞ்சுக்கு இறக்காமல் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு விடச் சொன்னார். "நிமிசத்துக்கு ஒருக்கா இழுத்தாப் போதும். அவசரப்பட்டா சூடேறிக் கசந்துரும். சாம்பலத் தட்டாதீங்க, தானா விழட்டும். நல்லாச் சுத்துனதுன்னா ஒரு அங்குலம் நிக்கும்."

ஒரு அங்குலம் நின்றது. லிங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "மொதல்ல தேனாட்டம் இருந்துச்சு, இப்ப காப்பிக்கொட்டை வறுத்தாப்புல இருக்குதப்பா," என்றார். பட்டறை வைத்த பதினைந்து வருஷத்தில் அந்த மனுஷன் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற வீரணனுக்குப் புகை தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

புகைத்து முடித்ததும் லிங்கசாமிக்கு ஆசை வந்துவிட்டது. "ஆவணி கடைசியில பையர் வர்றாரு. நம்ம தாராபுரத்துப் பொகையிலையில பன்னெண்டு சுருட்டு கையால சுத்திக் குடு. அந்தாளு மெச்சிட்டாருன்னா உன்னைய துணி குடோனுக்கு மாத்தி உட்டர்றேன். உக்காந்து பாக்குற வேலை."

குடோன்! அங்கே மருந்து இல்லை, ஆவி இல்லை, கண்ணெரிச்சல் இல்லை. வீரணனுக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷம் பழகிய கை இருக்கிறது, மூக்கு எதற்கு என்று நினைத்தார். சுருட்டில் பாதி வேலை மூக்குக்குத்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒத்துக்கொண்டார். பயந்தவன் செய்கிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போய் ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்து வாங்கி வந்தார். மற்றவர்கள் மோந்து வாங்குவதை அவர் விரலால் வாங்கினார், தப்பாகவும் வாங்கவில்லை. கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, நான்கு நாள் ஈரத்தில் கட்டி வைத்துப் பதம் போட வேண்டும். ஊரில் என்றால் கோணிச்சாக்கு. சாக்கின் நார் மேல் இலையில் குத்திப் பொத்தல் போடும் என்று அவருக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. இங்கேதான் உலகத்துக்கே துணி கொடுக்கிற ஊரில் இருக்கிறோமே! பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த வெள்ளைப் பனியன் துணியை இரண்டு மீட்டர் எடுத்துவந்தார். பூப்போல மெத்தென்று இருந்தது. குழாயில் ஒருமுறை அலசிப் பிழிந்து, அதில் இலையைக் கட்டி, கட்டிலுக்கடியில் கல்லேற்றி வைத்தார். தன் யோசனையை நினைத்துத் தானே ஒருமுறை சிரித்துக்கொண்டார்.

அது சாயம் திட்டுத்திட்டாக ஏறியதால் ஹைட்ரோஸ் தூள் போட்டு உரித்த துணி. சாயத்தை உரிக்கும் அந்தத் தூளுக்கு அழுகிய முட்டை நாற்றம். சரியாகக் கழுவாத துணியில் அது வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும். பட்டறையில் சின்னப் பிள்ளைகூட உரித்த துணியை மோந்து பார்க்காமல் எடுக்காது. வீரணன் கண்ணால் பார்த்து எடுத்தார். புகையிலையோ பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிற பொருள்.

நான்கு நாள் கழித்துப் பிரித்தார். ஈரம் கச்சிதமாக இருந்தது. நரம்பு கிழித்து, உள்ளிலையை விசிறிபோல மடித்து, அது பிரியாமல் கட்டு இலை சுற்றி, மேல் இலையை ஒரே இழுப்பில் சாய்வாக ஓட்டி, மைதாப் பசை தொட்டுத் தொப்பி ஒட்டினார். பன்னிரண்டும் ஒரே கனம், ஒரே நீளம். மூன்று வாரம் காயவைத்தார். அப்படியொரு சுருட்டை அவர் கம்பெனியில்கூடச் சுற்றியதில்லை.

பையர் வந்த அன்று லிங்கசாமி வீரணனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். ஜெர்மன்காரர் ஒன்றை எடுத்துக் காதருகே உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஆபீசே மருந்து நெடியில் கிடந்ததால் மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் மூக்கருகே கொண்டுபோனபோது மட்டும் லேசாகப் புருவம் சுருங்கியது. மரியாதைக்காகப் பற்றவைத்தார். நெருப்புப் பட்டதும் ஒளிந்திருந்ததெல்லாம் எழுந்து வந்தது. இரண்டாவது இழுப்பில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டு முகம் சிவந்துபோயிற்று. ஏசி அறையில் நாற்றம் நிறைந்தது. மேனேஜர் ஜன்னலைத் திறக்க ஓடினார்.

அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, வீரணன் ஒருவர் மட்டும் கைகட்டி, இருமல் புகையின் காரத்தால்தான், இனி மெச்சப்போகிறார்கள் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்புதான் அவரைக் காட்டிக் கொடுத்தது. லிங்கசாமி அவரையே பார்த்தார். பையரை வண்டியேற்றி அனுப்பிவிட்டு வந்து கேட்டார்.

"வீரணா, உனக்கு வாசம் போயி எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வருசம் மொதலாளி."

லிங்கசாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உம்மேல கோவமில்லப்பா. ஆனா வாசம் தெரியாத ஆளைத் தொட்டியடியில நிறுத்த முடியாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் பதில் சொல்லோணும்."

"குடோன்னு சொன்னீங்களே, மொதலாளி..."

"அங்க பஞ்சும் துணியும். எங்கியாச்சும் கருகுனா யாருக்குப்பா தெரியும்?"

வீரணன் மீதிப் பதினொன்றையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவமானத்தில் காது சுட்டது. பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறாமல் நல்லூர் வரை நடந்தே போனார்.

சீனியம்மாள் ஷிப்ட் முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு சுருட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் சொன்னார்.

"சீனி, எனக்கு வாசம் தெரியாது. கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லு."

அவள் அதை வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ங்க. பாலு கருகி ஊடெல்லாம் தீஞ்ச வாடை அடிச்சப்ப நீங்க அடுப்புப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தீங்களே, அன்னைக்கே தெரியும்."

"கட்டிலுக்கடியில மூட்டை இருந்துச்சே, அது?"

"நாறுச்சு," என்றாள். "மொத நாளே நாறுச்சு. நாலு நாளும் அதுக்கு மேலதான படுத்திருந்தேன். சொன்னா, ஒங்களுக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு ஒங்க மனசு நோகும். காஞ்சாப் போயிரும்னு இருந்துட்டேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். வீரணனுக்கு அவள்மேல் கோபப்பட வேண்டும்போல இருந்தது, முடியவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அவள் விட்ட அரிசியை எடுத்துக் களையத் தொடங்கினார்.