கொடியாய்ப் படர்ந்த பெயர்

தலவாக்கலையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் ஓர் அக்கா இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். என் தங்கையின் பத்திரிகைக்காகப் போன அன்று, அவர் முன்னாலேயே வீட்டுச் சண்டை தொடங்கிவிட்டது.

“அண்ணன் பேரு இல்லாம பத்திரிகை அடிக்க மாட்டேன்,” என்றார் அப்பா.

“அவரு பேரு இருந்தா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்,” என்றார் அம்மா.

கடை அக்கா பெரியப்பாவின் பெயரை மட்டும் கையால் எழுதியதுபோல் வளைந்து நெளியும் எழுத்துக்கு மாற்றினார். எழுத்துகளின் வால்கள் நீண்டு ஓரத்துப் பூக்களோடு கலந்தன.

“இந்தக் கொடி நல்லா இருக்கு,” என்றார் அம்மா.

அக்கா அப்பாவிடம் மெல்லச் சொன்னார்: “உங்க அண்ணன் அதுலதாங்க இருக்காரு.”

கல்யாணத்தன்று பெரியப்பா அம்மாவிடமே பத்திரிகையை நீட்டினார். “என் பேர மட்டும் எவ்வளவு அழகா போட்டிருக்கீங்க.”

அம்மா உற்றுப் பார்த்தார். “பந்தியில எடம் இருக்கு, போய் உக்காருங்க,” என்றார்.

அம்மா கடையில் ஏமாந்தாரா, ஏமாந்ததுபோல் இருந்தாரா? அந்த அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.