டாபிக்கை மட்டும் கேட்காதீர்கள்!

போன வாரம் ஸ்டெல்லா என் கையைக் கிள்ளிவிட்டாள். நன்றாகவே வலித்தது. ஆனால் பழி முழுக்க என் வாய்க்குத்தான்.

ஸ்டெல்லா மரக்காணத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண். அம்மாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. பிரைவேட் ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரிக்குத் தினமும் பஸ் ஏறி பிஎச்.டி. செய்கிறாள். அவள் டாபிக்கில் இதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஓர் அத்தியாயம் எழுதி, கமிட்டி முன் வைக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் டாபிக்கையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஒரு வருஷ உழைப்பு அவ்வளவுதான்.

நாள் நெருங்கிவிட்டது. அத்தியாயமோ நகரவே இல்லை. "யுனிவர்சிட்டி லைப்ரரில ஒண்ணுமே கிடைக்க மாட்டேங்குதுக்கா" என்றாள், அழாத குறையாக. எனக்கும் அங்கே ஒரு பழைய தகவல் தேட வேண்டியிருந்தது. இருவருமாகக் கிளம்பிவிட்டோம்.

நூலகர் வசந்தி மேடம் எங்களைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். "வா ஸ்டெல்லா... உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

மேஜைமேல் ஒரு கட்டு வந்து இறங்கியது. எல்லாம் மீன்! மீன்பிடித் துறைமுகம், மீன் ஏலம், மீனவர் கூட்டுறவுச் சங்கம்...

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மீன் எதுக்கு மேடம்? இவ உப்பளத்துப் பொம்பளைங்களைப் பத்தியில்ல எழுதறா! மழை மாசத்துல உப்பளம் மூடினதும் பொழப்புக்கு என்ன பண்றாங்கன்னு..."

அப்போது விழுந்ததுதான் அந்தக் கிள்ளல்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மீனு?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். விஷயம் இதுதான். சேர்ந்த புதிதில் சீனியர்கள் காதில் ஓதியிருக்கிறார்கள் – டாபிக்கைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே, எவனாவது சுட்டுவிடுவான். இவளும் நூலகரிடமே 'மீன்வளம்' என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவர் பாவம், ஒரு வருஷமாக மீனாகவே தேடித் தந்திருக்கிறார். இவள் அத்தனையையும் மரக்காணத்துக்குச் சுமந்து, படிக்காமலே திருப்பிச் சுமந்திருக்கிறாள்.

வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போய் தலைவலி என்று சொல்வார்களா யாராவது?

"நான் திருடிடுவேன்னு நெனச்சியாம்மா?" மேடத்தின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"இல்ல மேடம்... சாரி மேடம்..."

மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நாங்கள் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரையில் ஒரு பழைய தீசிஸ் தயாராக இருந்தது. தெற்குக் கடற்கரை உப்பளத் தொழிலாளர்கள் பற்றி வேறொரு யுனிவர்சிட்டியில் செய்தது.

ஸ்டெல்லாவின் முகம் செத்துப்போனது. "போச்சுக்கா. ஏற்கெனவே எழுதிட்டாங்க!"

"உக்காரு மொதல்ல. தலைப்பைப் பார்த்துட்டே பயந்தா எப்படி?" என்ற மேடம், பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இவங்க உப்பு வார்ற வெயில் மாசத்தைத்தான் பார்த்திருக்காங்க. மழை மாசத்தைத் தொடவே இல்ல. உன் இடம் காலியாத்தான் இருக்குது. அதையே எழுதேன்."

எழுதினாள். இந்த வாரம் கமிட்டி டாபிக்கை ஏற்றுக்கொண்டது. அவளைவிட எனக்குத்தான் நிம்மதி என்று நினைக்கிறேன்.

திருடனுக்குப் பயந்து கதவைச் சாத்துகிறோம். வெளியே நிற்பது பெரும்பாலும் உதவ வந்தவர்தான். சம்பள விஷயத்தில், உடம்பு விஷயத்தில், பிள்ளைகளின் கல்யாண விஷயத்தில்... நாம் மட்டும் என்ன செய்கிறோம்?

நேற்று ஸ்வீட் பாக்ஸோடு மேடத்துக்கு நன்றி சொல்லப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் தாடி வைத்த ஓர் ஆராய்ச்சி மாணவர், ரொம்ப நேரமாகத் தயங்கிக்கொண்டு நின்றிருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மேடம்... என் டாபிக் கல்வெட்டுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேன் இல்லீங்களா..."